தலைகீழாய் நின்ற நாரை

இறந்துபோனவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதுவது வழக்கம். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறேன். பழிவாங்கப் புறப்பட்டவனுக்குக் கண் தெளிவாக இருக்கவேண்டும்.

அவர் ஒரு றோட்டு ஓவசியர். பெயர் சொல்லமாட்டேன். தம்முடைய கொப்பியில் எழுதியிருக்கவேண்டிய ஓர் இடத்தில் அவர் என் பெயரை எழுதாமல் விட்டார். ஆகவே என்னுடைய கட்டுரையில் அவர் பெயரும் வராது. இந்த நியாயம் நான் அவரிடமே படித்தது.

வீடு உரும்பிராயில். அங்கிருந்து வல்லை வெளியின் நடுவிலிருக்கும் பெரிய மதகு வரைக்கும் றோட்டு அவருடைய பொறுப்பு. முழங்காலைத் தாண்டாத காக்கிக் காற்சட்டை, சைக்கிளில் கட்டிய குடை, காதில் செருகிய அழியாப் பென்சில். யோசனை வந்தால் பென்சில் நுனியை நாக்கில் ஒற்றுவார். அதனால் நாக்கு நுனி ஊதாவாகும். ஓவசியரின் நாக்கு ஊதாவாக இருந்தால் ஊரில் யாருக்கோ கஷ்டகாலம் என்று அர்த்தம்.

வல்லை வெளியை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒதுங்க ஒரு மரம் இல்லாத வெளி. கார்த்திகை மழைக்குப் பிறகு பாதி தண்ணீரும் பாதி வானமுமாகிவிடும். அப்போது வடக்கிலிருந்து பறவைகள் வந்திறங்கும். சிறவி, ஊசிவால் வாத்து, உள்ளான், பூநாரை என்று பெரிய சந்தை கூடும். மாசி கழிந்து சேறு வெடிக்கத் தொடங்க, ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விடும். ஊர்ச்சனம் இவற்றை இரண்டு சாதியாகப் பிரித்து வைத்திருந்தது: கறிக்கு ஆகிறவை, கறிக்கு ஆகாதவை. ஓவசியர் ஒருவர்தான் அவற்றைப் பார்ப்பதற்காகவே பார்த்தார்.

பார்த்த விதம்தான் விசேஷம். றோட்டின் ஏற்ற இறக்கத்தை அளப்பதற்கு அரசாங்கம் அவருக்கு ஒரு லெவல் கொடுத்திருந்தது. முக்காலியின்மேல் ஒரு பித்தளைக் குழாய். அதனூடே பார்த்தால் தூரத்திலிருப்பது பக்கத்தில் வரும். ஆனால் தலைகீழாக வரும். அந்தக் காலத்து லெவலின் அமைப்பு அப்படி. றோட்டை அளக்க வேண்டிய அந்தக் குழாயால் அவர் நாரையை அளந்தார். யாழ்ப்பாணத்து மாரிகாலப் பறவைகள் அத்தனையையும் தலைகீழாக அறிந்த ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கவேண்டும்.

கொப்பியில் தேதி, இடம், காற்று, பறவை, எண்ணிக்கை என்று கோடு கீறி எழுதுவார். பக்கத்தில் படமும் கீறுவார், அதுவும் தலைகீழாக. நேராகக் கீறினால் என்ன என்று ஒருமுறை கேட்டேன்.

“கருவி காட்டினதைத்தான் எழுதவேணும், மாஸ்டர். நான் திருத்தினால் பிறகு அது என்ரை கதை.”

கடைசிக் கட்டம் ‘சாட்சி’. அதில் பெரும்பாலும் றோட்டுக் கூலிகளின் கைநாட்டு இருக்கும். தனியே ஒருவன் கண்டால் அது கனவு, இரண்டு பேர் கண்டால்தான் பறவை என்பார்.

அவருடைய குணத்தைச் சொல்ல ஒரு வேலிக் கதை போதும். யாழ்ப்பாணத்தில் எவருடைய குணத்தைச் சொல்லவும் ஒரு வேலிக் கதை போதும் என்பது வேறு விஷயம். பக்கத்து வளவுக்காரர் வேலி அடைக்கும்போது கதியால் கம்புகளை நாலு அங்குலம் இந்தப் பக்கம் தள்ளி நட்டுவிட்டார். வழக்குப் போடச் சொல்லி உறவினர்கள் வந்தார்கள். வழக்குப் பேசும் பிரக்கிராசி ஒருவர் கூப்பிடாமலே வந்தார். ஓவசியர் எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினார். வேலியைத் தொடவில்லை. பக்கத்து மனிதருடன் வழக்கம்போலக் கதைத்தார். அவர் வீட்டுச் சடங்குக்குப் பலகாரத் தட்டம்கூடக் கொண்டுபோனார். ஏழாம் வருடம் வீட்டு முன்னால் போகும் ஒழுங்கைத் தெருவுக்கு வாய்க்கால் வெட்ட உத்தரவு வந்தது. லெவல் வைத்து அளந்தார், மதகு கட்டினார். அந்த மாரியில் பக்கத்து முற்றத்தில் வெள்ளம் நின்றது. அந்த மனிதர் அடிமட்டத்தைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தாராம். நாலு அங்குலம். அடுத்த சித்திரையில் கதியால்கள் பழைய இடத்துக்குப் போயின. அடுத்த நாள் ஓவசியர் மதகுக்குள் கையை விட்டு ஒரு செங்கல்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். பிறகு அங்கே வெள்ளம் நிற்கவில்லை.

எங்கள் ஊரில் இதற்குக் கறுவம் என்று பெயர். மற்றவர்களுடைய கறுவம் அடுப்பு நெருப்புப் போல, எரிந்து முடிந்துவிடும். இவருடையது பனையோலைக் குட்டானுக்குள் கட்டிவைத்த பனங்கட்டி. எத்தனை வருடமானாலும் ஈரம் படாமல் இருக்கும்.

இப்படிப்பட்டவரிடம் நான் போய் மாட்டிக்கொண்டேன்.

நான் வெளிக்கு அப்பால் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் மாஸ்டர். வீடு ஆவரங்காலில். வீட்டில் சைவம், பள்ளிக்கூடத்தில் சபை. காலையில் பூசிய திருநீற்றோடு சைக்கிளேறி, வெளி நடுவில் மதகடியில் இறங்கி, கைக்குட்டையை நனைத்து நெற்றியைத் துடைப்பேன். பின்னேரம் அதே இடத்தில் இறங்கி, சட்டைப்பையிலுள்ள பொட்டலத்தை அவிழ்த்து மறுபடி பூசிக்கொள்வேன். இரண்டு மதமும் அந்த மதகில் ஒன்றையொன்று சந்திக்காமல் விலகிப் போய்க்கொண்டிருந்தன. ஒருநாள் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், கரையில் ஒரு முக்காலி. குழாய் என்னை நோக்கியிருந்தது.

“காதடியிலை கொஞ்சம் கிடக்குது, மாஸ்டர். நல்லாத் துடையும்,” என்றார் ஓவசியர்.

எங்கள் சிநேகிதம் அப்படித் தொடங்கியது. என்னை அவர் முதலில் கண்டதும் தலைகீழாகத்தான்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பல வருடம் முந்திய ஒரு மார்கழி. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முந்தின ஞாயிறு விடிய வரச்சொல்லியிருந்தார், ஒன்று காட்டுவதாக. ஞாயிறு ஆராதனைக்கு வராத மாஸ்டர் அடுத்த தவணைக்கும் வரத் தேவையில்லை என்பது எங்கள் பிரின்சிப்பல் துரையின் கொள்கை. காய்ச்சல் என்று கடிதம் அனுப்பிவிட்டு வெளிக்குப் போனேன்.

குழாய்க்குள் பார்த்தேன். மேலே தண்ணீர், கீழே வானம். மேலிருந்து இரண்டு சிவப்புக் கால்கள் தொங்கின. அதன் கீழே வெள்ளை உடம்பு, கரை கறுத்த செட்டை, நீண்ட சிவப்புச் சொண்டு. செங்கால் நாரை. ஏட்டில் படித்திருக்கிறேன், இந்த மண்ணில் அது வந்து நின்றதாக ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

இலங்கைக்கு இது வராது என்று வெள்ளைக்காரனுடைய புத்தகத்தில் இருக்கிறதாம். அதைச் சொல்லும்போது ஓவசியரின் குரல் கோயில் கர்ப்பக்கிருகத்தில் நிற்பவருடைய குரல் போல இருந்தது. சொல்லிக்கொண்டே படத்தைக் கீறினார்.

“கண்டனீர்தானே, மாஸ்டர்?”

“கண்டன், ஓவசியர்.”

கொப்பியை நீட்டினார். ஞாயிற்றுக்கிழமைத் தேதிக்கு நேரே என் கையெழுத்து இருப்பது உடம்புக்கு நல்லதல்ல என்று எனக்குத் தோன்றியது. நாளைக்குப் போடுகிறேன் என்றேன். அவர் கொப்பியை மூடினார். அன்று கூலிகள் யாரும் வேலைக்கு வரவில்லை. கண்டது நாங்கள் இருவர் மட்டும்.

நத்தார் கழிந்த மறுநாள் பிரின்சிப்பல் துரையின் பங்களாவில் தேநீர். பங்களா வாசலுக்குச் சல்லிக்கல் போட்டுக் கொடுத்தவர் என்பதால் ஓவசியருக்கும் அழைப்பு. அவருடைய மேலதிகாரியான இஞ்சினியர் துரையும் வந்திருந்தார். மாரிதோறும் உள்ளான் சுட வருகிறவர். பறவை தெரிந்தவர் என்று பேர். ஓவசியர் கொப்பியைக் கொண்டுவந்திருந்தார். அந்த ஒரு பக்கத்துக்காகவே அன்று சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார் என்று நினைக்கிறேன்.

இஞ்சினியர் துரை படத்தைப் பார்த்து, இது செத்த பறவையா என்று கேட்டார். காலிரண்டும் மேலே கிடந்ததே! ஓரிருவர் சிரித்தார்கள். பிறகு கொப்பியைத் திருப்பிப் பிடித்துப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இது இங்கே வராதே, யார் கண்டது என்றார்.

“நானும் இந்த மாஸ்டரும், சேர். போன ஞாயிறு காலமை,” என்றார் ஓவசியர், ஆங்கிலத்தில், அடக்கமாக.

தேத்தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்த பிரின்சிப்பலின் மனைவி கரண்டியை நிறுத்தினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கொயினா வில்லையும் கோழிச் சூப்பும் கொடுத்தனுப்பியவள் அவள். வில்லையை எறிந்துவிட்டுச் சூப்பைக் குடித்திருந்தேன்.

என் உத்தியோகமும் ஒரு நாரையும் தராசில் நின்றன. நாரை எடை குறைந்த பிராணி.

“நான் ஒன்றும் காணவில்லை, சேர். எனக்கு அப்போது இரண்டு நாளாகக் காய்ச்சல்,” என்றேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் ஒரு சாதாரணப் பொய்யனாக இருந்திருப்பேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஏதாவது சொல்லவேண்டும்போல இருந்தது. ஓவசியருக்கு எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும், நான் கிடந்ததை நின்றதாகக் கண்டிருக்கிறார் என்றேன். பங்களா அதிரச் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் நான் சொன்ன முதல் நகைச்சுவை அதுதான். அதன் ருசியில் இன்றுவரை பிழைக்கிறேன்.

ஓவசியர் என்னைப் பார்க்கவில்லை. கொப்பியை மூடினார். பென்சிலை எடுத்து நாக்கில் ஒற்றினார்.

அரசாங்கக் கருவியைப் பறவைகளை நோக்கித் திருப்பக்கூடாது என்று அடுத்த கிழமை அவருக்கு எழுத்தில் உத்தரவு வந்தது. ‘தலைகீழ் ஓவசியர்’ என்ற பெயர் பருத்தித்துறைவரை போயிற்று. நானும் சும்மா இருக்கவில்லை. அந்தக் கதையை விரித்து ஒரு வாரப் பத்திரிகைக்கு எழுதினேன். அச்சேறிய என் முதல் எழுத்து. வாசகர்கள் வயிறு வலிக்கச் சிரித்ததாக ஆசிரியர் கடிதம் போட்டார்.

மூன்றாம் வருடம் எனக்குக் கலியாணம். பெண்ணின் ஊர் பண்டத்தரிப்பு. மாப்பிள்ளை புறப்படும் நாள் விடிய எழுந்து பார்த்தால் எங்கள் வாசல் படலைக்கு முன்னால் இரண்டு பக்கமும் குவித்த கல்லுக் கும்பி, நடுவில் கொதிக்கிற தார்ப்பீப்பா. முறையான உத்தரவு முத்திரையோடு படலையில் கட்டியிருந்தது. கார் முந்நூறு யார் தூரம் தள்ளி நின்றது. தலைப்பாகையும் சரிகைச் சால்வையுமாக, ஒரு கையைத் தோழன் பிடிக்க, மறு கையைச் சித்தப்பா பிடிக்க, புதுத் தாரின்மேல் நான் நடந்தேன். வலக்கால் செருப்பு தாரோடு தங்கிவிட்டது. சிரிப்பை அடக்கமாட்டாமல் நாதஸ்வரக்காரர் ஊதியது எந்த இராகத்திலும் சேராது.

கார்க் கதவடியில் குடையோடு ஓவசியர் நின்றார்.

“பங்களாவிலை பதின்மூண்டு பேர் சிரிச்சவை, மாஸ்டர். இஞ்சை கொஞ்சம் கூடிப்போச்சு. குறை நினையாதையும்,” என்றார். பிறகு சட்டைக்குள்ளிருந்து கொப்பியை எடுத்தார். “சிரிப்புச் சரி. மற்றது கிடக்குது. ஒரு கையெழுத்து.”

ஒற்றைச் செருப்போடு நிற்கிறவன் நியாயம் பார்ப்பதில்லை. காருக்குள் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினேன். கண்ணாடிக்கு வெளியே நாக்கு ஊதாவாக இருந்தது.

அன்றிலிருந்து நான் பயந்து திரிந்தேன். மதகடியில் நான் நெற்றி துடைக்கிற விஷயத்தைப் பிரின்சிப்பலிடம் சொன்னால் என் வேலை அன்றோடு போச்சு. ஒவ்வொரு மாதமும் எதிர்பார்த்தேன். ஒரு பேச்சுமில்லை. பொறுக்கமாட்டாமல் ஒருநாள் வழிமறித்துக் கேட்டே விட்டேன். அவர் என்னை ஒரு பிழையான கணக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“அது வேறை விஷயமெல்லே, மாஸ்டர்? அதிலை நீர் எனக்கு ஒண்டும் செய்யேல்லையே.”

பிரின்சிப்பல் துரை ஓய்வுபெற்றுக் கப்பலேறிய அடுத்த நாள் கொப்பியோடு என் வீட்டுக்கு வந்தார். துரை போய்விட்டார், இனி யாருக்குப் பயம் என்று கேட்டார். தமக்காக மட்டும்தானாம், ஒருவருக்கும் காட்டமாட்டாராம். அதற்குள் எனக்கு இன்னொரு துரை கிடைத்திருந்தார்: என்னுடைய கீர்த்தி. அந்த நாரைக் கதையை மூன்று ஆண்டுமலர்கள் மறுபடி போட்டிருந்தன. கையெழுத்து வைத்தால் நகைச்சுவையாளன் வெறும் பொய்யனாகிவிடுவான்.

“எந்த நாரை, ஓவசியர்?” என்றேன்.

எழுந்து போனார். அதற்குப் பிறகு பத்து வருடம் நாங்கள் கதைக்கவில்லை.

யுத்தம் வந்தது. அரிசி கூப்பனுக்கு வந்தது. பலாலிப் பக்கம் ஆகாயக் கப்பல்கள் இறங்கின; பறவைகள் பயந்து ஒரு வருடம் குறைவாக வந்து, அடுத்த வருடம் பழகிப்போய் வழக்கம்போல வந்தன. ஓவசியர் பென்சன் எடுத்த கையோடு, கழித்துவிட்ட பழைய லெவல் ஒன்றை ஏலத்தில் எடுத்து, தம்முடைய சொந்தக் குழாயோடு வெளியில் போய் நின்றார்.

அந்த நேரத்தில் கொழும்பிலிருந்து ஒரு பறங்கிக் கனவான் வந்து பருத்தித்துறை றெஸ்ற்ஹவுஸில் தங்கினார். இலங்கைக்கு வரும் மாரிப் பறவைகளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர். ஓவசியரின் கொப்பியை வாங்கிப் படித்து, ஒவ்வொரு வரியையும் எடுத்துக்கொண்டாராம், ஒரு வரியைத் தவிர. அந்த வரிக்குச் சாட்சி இல்லை. ஓவசியர் என் பெயரைச் சொல்லியிருக்கவேண்டும். கனவான் எனக்கு ஒரு கடிதம் போட்டார். நான் பதில் எழுதவில்லை. ஆனால் நாற்பது தாண்டியவனுக்கு மனச்சாட்சி மூட்டுவாதம் போல, மாரியில் தலைகாட்டும். கடிதம் சட்டைப்பையிலேயே கிடந்தது, ஒருகாலத்தில் திருநீற்றுப் பொட்டலம் இருந்த அதே இடத்தில்.

தை மாதத்தில் ஒரு காலை. சைக்கிளுக்கு ரயர் கிடைக்காத காலம், பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். வெளி நடுவில் மதகடியில் பஸ் நின்றுவிட்டது. சாரதி இயந்திரத்துக்குள் தலையை விட்டான். சனம் றோட்டின் மறுபக்கம் பஸ் நிழலில் குந்தியது. நான் இந்தப் பக்கம் றோட்டுக் கரையைத் தாண்டி வெளிக்குள் இறங்கினேன்.

அங்கே முக்காலி. பின்னால் ஓவசியர். தாடி வெளுத்திருந்தது. என்னைத் திரும்பிப் பார்க்காமலே ஒரு கையை உயர்த்தி நில் என்று காட்டினார்.

முப்பது யார் தூரத்துக்குள் அது நின்றது. குழாய் தேவைப்படவில்லை. சிவப்புக் கால் இரண்டும் தண்ணீருக்குள், தலை வானத்தில். செங்கால் நாரை நேராக நிற்பதை அன்றுதான் நான் பார்த்தேன். அவரும் குழாயை விட்டுவிட்டு வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றார். அது ஒருமுறை குனிந்து எதையோ எடுத்து விழுங்கியது. அவருடைய தொண்டையும் அதோடு ஏறி இறங்கியது.

“கொப்பியைத் தாங்கோ, ஓவசியர்,” என்றேன் மெதுவாக. “ரண்டுக்கும் போடுறன்.”

றோட்டில் ஒரு காரின் ஹோர்ன் கேட்டது. நாரை எழும்பி, செட்டையை இரண்டுதரம் அடித்து, தொண்டைமானாற்றுப் பக்கமாய்ப் போயிற்று.

காரில் வந்தவர் அந்தப் பறங்கிக் கனவான்தான். பஸ் வழியை மறித்து நின்றதால் ஹோர்ன் அடித்திருக்கிறார். வேட்டியை மடித்துக்கொண்டு ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்: இப்போது கண்டதை, பதினெட்டு வருடத்துக்கு முன் கண்டதை, காய்ச்சலை, சூப்பை. ஒன்றையும் மறைக்கவில்லை. என் ஆயுளில் நான் சிரிப்பு வராமல் பேசிய ஒரே பேச்சு. கனவானின் முகம் மலர்ந்தது. அப்படியானால் இரண்டு காட்சியும் புத்தகத்தில் வரும், கண்டவர் பெயரோடு வரும் என்று பேனாவைத் திறந்தார். ஒரு சம்பிரதாயத்துக்காக ஓவசியரிடம் திரும்பி, நீங்களும் கண்டீர்கள்தானே என்று கேட்டார்.

ஓவசியர் பென்சிலை எடுத்து நாக்கில் ஒற்றினார்.

“நான் ஒண்டும் காணேல்லை, ஐயா. எனக்கு ரண்டு நாளாக் காய்ச்சல்.”

வெயிலில் தவளை ஒன்று கத்தியது எனக்குக் கேட்டது.

“மாஸ்டர் பகிடிக்காரர், ஐயா,” என்றார் தொடர்ந்து. “பேப்பரிலை எழுதுறவர்.”

கனவான் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தலையை எறிந்து சிரித்தார். என்னுடைய எழுத்தை மொழிபெயர்த்து வாசிக்கக் கேட்டிருப்பதாகவும், நேரில் அதைவிட நன்றாகச் சொல்வதாகவும் பாராட்டிப் பேனாவை மூடினார். கார் போயிற்று.

நான் அவரைப் பார்த்தேன். கெட்ட வார்த்தைதான் வந்தது, விழுங்கினேன்.

“அது உங்கடை நாரையெல்லே, ஓவசியர்?”

“ஓம். என்ரை நாரைதான்.”

நாரை நின்ற இடத்தில் தண்ணீர் இன்னும் கலங்கியிருந்தது. அதையே கொஞ்சநேரம் பார்த்தார். கண் நிறைந்திருந்தது, வெளியில் காற்று எப்போதும் உப்போடுதான் வீசும், அதனாலும் இருக்கலாம். முக்காலியை மடக்கித் தோளில் வைத்தார்.

“நாலு அங்குலம், மாஸ்டர்,” என்றார். “கூடவும் இல்லை, குறையவும் இல்லை.”

சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

இரண்டு மாரி கழித்துச் செத்துப்போனார். செத்த வீட்டில் அவருடைய மகள் கொப்பியை என் கையில் தந்தாள். ஐயா உங்களிடம் கொடுக்கச் சொன்னவர் என்றாள். அந்த மார்கழி ஞாயிற்றுக்கு நேரே நாரை தலைகீழாக நிற்கிறது. சாட்சிக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. தை மாதத்துப் பக்கத்தைப் புரட்டினேன். பஸ் நின்ற நாளுக்கு முந்தின நாள் ஊசிவால் வாத்து நாற்பது. மறுநாள் உள்ளான் ஆறு. அந்த நாள் இல்லை. கண்டதை எழுதாமல் விட்ட ஒரே நாள் அவர் வாழ்க்கையில் அதுதான். எனக்குச் சரியாகத் திருப்பித் தருவதற்காக அந்த ஒரு தடவை திருத்திவிட்டார்.

ஆகவே இதோ என் முறை. அவர் தம் வாயால் அழித்த இரண்டு காட்சிக்கும் நான் இங்கே சாட்சி சொல்கிறேன். எழுந்துவந்து காய்ச்சல் என்று சொல்ல அவரால் இனி முடியாது. அவருடைய பெயரை மட்டும் கொடுக்கமாட்டேன். ஓர் அங்குலமாவது எனக்கு மிஞ்சவேண்டும். இந்தக் கட்டுரையையும் நகைச்சுவை என்று எண்ணி நீங்கள் சிரிக்கக்கூடும். அதையும் அவர் முந்தியே அளந்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

சிரியுங்கள். நான் கையெழுத்து வைக்கிறேன். இரண்டுமுறையும் நான் அங்கே நின்றேன். இரண்டுமுறையும் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. நாரை இரண்டுமுறையும் நேராகத்தான் நின்றது.